பின்னல், சாயம், நூற்பு: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் பொழுதுபோக்கை நான் தவறான வரிசையில் தொடங்கினேன். பருத்தி, நூல், சாயம், துணி என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையிலேயே போவதுதான் முறை என்று நினைத்து, முதலில் ஒரு பெட்டி ராட்டையை வாங்கி வந்தேன். மூன்று வாரம் நூல் அறுந்ததுதான் மிச்சம். அறுந்த துண்டுகளை டப்பாவில் சேர்த்து வைத்தேன். அவற்றை வைத்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. ராட்டை பரணுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்துப் பின்னல் கற்றுக்கொண்ட பிறகுதான் அது கீழே இறங்கியது.

ஆகவே உங்களைக் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். முதலில் கடை நூலில் பின்னல். பிறகு அதே நூலுக்குச் சாயம். நூற்பு எல்லாவற்றுக்கும் பிறகு. நூல் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதெல்லாம் பின்னிப் பழகிய விரலுக்குத் தானாகவே தெரிந்துவிடும். பின்னாத விரலுக்கு எந்த ராட்டையும் அதைச் சொல்லித்தராது.

செய்யப்போகும் பொருளையும் இப்போதே முடிவுசெய்துவிடுவோம்: சமையலறையில் துடைக்கவும், மடித்துச் சூடான பாத்திரத்தைப் பிடிக்கவும் ஒரு சாண் சதுரத் துணி. ஸ்வெட்டர் வேண்டாம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குக் காலுறையும் வேண்டாம். குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் முதல் காலுறை முடியாமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நூல் வாங்கும்போது

தையல் சாமான் கடையில் பின்னல் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் 'உல்லன்' என்ற பெயரில் ஒன்றைத் தருவார்கள். பளபளப்பாக, மலிவாக, எல்லா நிறத்திலும் இருக்கும். பெயர்தான் உல்லன், பல நேரங்களில் அது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் குடும்பத்து நூல். பின்னிப் பழக அது போதும். ஆனால் செடிச் சாயம் அதில் ஏறாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துத் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். ஆட்டுக் கம்பளியில் மயிர் கருகும் வாடை வரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உறையும்.

நமக்கு வேண்டியது வெள்ளைப் பருத்தி நூல், 50 கிராம். கோடையில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்பது ஒரு காரணம். நீலகிரியில் மெல்லிய கம்பளி தரும் செம்மறி இனம் ஒன்று உண்டு. ஆனால் சமவெளியில் பெரும்பாலும் இறைச்சிக்கான ஆடுகள்தான். நம் மண்ணோடு சேர்ந்து வந்தது பருத்தி.

ஊசியில் 4 மில்லிமீட்டர் கனமுள்ள மூங்கில் ஊசி ஒரு ஜோடி வாங்குங்கள். எஃகு ஊசி வழுக்கும். புதியவர் கையில் கண்ணிகள், அதாவது ஊசியில் ஏறிய நூல் வளையங்கள், நழுவி ஓடும். சில கடைகளில் இன்னும் பழைய ஆங்கிலேய எண்களில்தான் ஊசி கேட்க வேண்டியிருக்கும். அதில் 4 மில்லிமீட்டருக்கு எட்டாம் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும், இதில் ஏமாறாதீர்கள்.

பின்னல்

தொடங்கும் முன் ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். முன்பக்கத்தில் சிறு சிறு 'வி' வடிவங்கள் அடுக்கடுக்காக நிற்கும். உள்பக்கத்தில் மேடு மேடாக இருக்கும். திருப்பூர் இயந்திரங்கள் செய்வதும் நீங்கள் செய்யப்போவதும் ஒன்றேதான்: ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுப்பது. இந்த வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர், 1589இல். அதன் பிறகும் மனிதர்கள் கையால் பின்னுவதை விடவில்லை.

முதலில் ஊசியில் கண்ணி ஏற்ற வேண்டும். நூலின் நுனியில் ஒரு சாண் விட்டு ஒரு சுருக்குக் கண்ணி போட்டு வலது ஊசியில் மாட்டுங்கள். பிறகு நூலை இடது கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஊசி நுனியைக் கீழிருந்து விட்டு, விரலை உருவி, நூலை லேசாக இழுங்கள். ஒரு கண்ணி ஏறிவிட்டது. இப்படி 40 வரும்வரை ஏற்றுங்கள். இந்த நூலுக்கும் ஊசிக்கும் அது ஏறத்தாழ ஒரு சாண் அகலம் வரும். நெருக்கி இழுக்காதீர்கள், கண்ணி ஊசியில் தாராளமாக நகர வேண்டும்.

இப்போது கண்ணிகள் உள்ள ஊசியை இடது கைக்கு மாற்றுங்கள். வெறும் ஊசி வலது கையில். இனி நான்கே அசைவுகள், வாய்விட்டுச் சொல்லியே செய்யுங்கள்:

நுழை: வலது ஊசியை முதல் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்னிருந்து பின்னாக விடுங்கள்.
சுற்று: பின்னால் இருக்கும் நூலை வலது ஊசி நுனியில் ஒரு சுற்று.
இழு: அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் கொண்டுவாருங்கள்.
கழற்று: பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மீண்டும் இதையே செய்யுங்கள். 80 வரிசை. வேறு எதுவும் தெரிய வேண்டாம். இந்த ஒரே கண்ணியை இரண்டு பக்கமும் பின்னினால் துணியின் இரு முகமும் ஒன்றுபோல வரி வரியாக இருக்கும், ஓரம் சுருளாது. இந்தக் கண்ணியை 'நிட்' என்கிறார்கள். இதையே முன்னால் நூலை வைத்துப் பின்பக்கமாகச் செய்தால் 'பர்ல்'. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றினால் பனியன் துணி. அதை இரண்டாவது துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் வரும் தவறுகள் இரண்டு. முதலாவது, கண்ணி எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது. 40இல் தொடங்கியவர் பத்தாவது வரிசையில் 47இல் நிற்பார். துணி முறம்போல விரியும். வரிசையைத் தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போனால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலேறி இரண்டு கண்ணிபோலத் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நூல் ஊசிக்கு அடியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் பாருங்கள். ஐந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

இரண்டாவது, கண்ணி விழுவது. ஒரு கண்ணி நழுவிக் கீழே ஏணிபோல இறங்கிக்கொண்டிருக்கும். பதறிப்போய் இழுக்க வேண்டாம். நுனியில் கொக்கியுள்ள ஒரு குரோஷே ஊசியால் விழுந்த கண்ணியைப் பிடித்து, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியாக இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம். முதல் தடவை ஓரிரு படிகள் முகம் மாறி நிற்கும். பாத்திரம் துடைக்கும் துணிக்கு அதெல்லாம் ஒரு குறையா?

முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை இரண்டாவதன் தலைக்கு மேல் தாண்டவிடுங்கள். இன்னொன்று பின்னி மீண்டும் தாண்டவிடுங்கள். கடைசி ஒன்று மிஞ்சும்போது நூலை வெட்டி அதற்குள் இழுத்துவிட்டால் முடிந்தது.

சாயம்

இப்போது இன்னொரு 50 கிராம் வெள்ளை நூல். செலவு இங்கே குறைவு, சுவாரசியம் அதிகம். ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். ஏமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் பீட்ரூட். கையில் ஒட்டும் அந்தச் சிவப்பைப் பார்த்து எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நூலை எடுத்து அலசினால் நிறம் தண்ணீரோடு போய்விடும். ஒட்டியதும் வெயிலில் வெளுத்துவிடும். செம்பருத்தியும் அப்படியே. மஞ்சள் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெளிச்சம் தாங்காது. சோப்பு பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் ரகசியம் அதுதானே.

முதல் சாயத்துக்கு வெங்காயச் சருகைச் சொல்வேன். காய்கறிக் கடையில் மூட்டையின் அடியில் கிடப்பதைக் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். நூலின் எடைக்குச் சமமான எடை போதும். 50 கிராம் சருகு ஒரு பெரிய பை நிறைய வரும். ஆயுத பூஜை முடிந்து வண்டிகளிலிருந்து கழற்றிய செண்டுமல்லி மாலையும் நல்ல பொன்மஞ்சள் தரும். சிவப்பு வேண்டுமானால் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர். அதைக் கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும். கை பொறுக்காத சூட்டிலேயே நிறுத்த வேண்டும். சுண்ணாம்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சிட்டிக்கு நல்லது. சோற்றுக்கு ஆகாத தண்ணீர் இங்கே பயன்படும்.

பருத்தி பிடிவாதக்காரன். கம்பளியும் பட்டும் படிகாரத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. அதற்கு முதலில் துவர்ப்பு ஊட்ட வேண்டும். நம் கலம்காரிக்காரர்களும் சாயக்காரர்களும் கடுக்காயை நம்பியது இதனால்தான். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியில் ஒட்டும், படிகாரம் துவர்ப்பில் ஒட்டும், சாயம் படிகாரத்தில் ஒட்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தவறவிட்டாலும் நிறம் நிற்காது.

நான்கு நாள் வேலை, ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம்தான் கையைக் கேட்கும். எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைச் சாயத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அது திரும்பச் சமையலுக்கு வரக்கூடாது. அலுமினியமும் இரும்பும் நிறத்தை மாற்றும்.

முதல் நாள், நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டாமல் பாத்திரத்தில் போட்டால் சிக்கு எடுக்கவே ஒரு வாரம் ஆகும். தளராமல் இறுக்கிக் கட்டினால் கட்டிய இடம் வெள்ளையாகவே இருக்கும். 2 கிராம் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெள்ளையாகத் தெரிந்த நூலிலிருந்து தேநீர் நிறத்தில் மெழுகும் அழுக்கும் இறங்கும். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

இரண்டாம் நாள், 10 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து நூலை இரவு முழுவதும் ஊறவிடுங்கள். எடுத்துப் பிழியுங்கள், அலசாதீர்கள். நூல் வெளிறிய மஞ்சளாகியிருக்கும்.

மூன்றாம் நாள், 8 கிராம் படிகாரத்தைப் பொடித்து வெந்நீரில் கரைத்து, தேவையான அளவு தண்ணீர் சேர்த்து, நூலை மறுபடி ஓரிரவு ஊறவிடுங்கள்.

நான்காம் நாள், சருகை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். லேசாக அலசிய நூலை ஈரத்தோடு அந்தச் சாற்றில் இறக்கி, கொதி வராத சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்திருங்கள். அவ்வப்போது புரட்டுங்கள். அடுப்பை அணைத்து, ஆறும்வரை அப்படியே விடுங்கள். நிறத்தின் பெரும்பகுதி ஆறும் நேரத்தில்தான் ஏறும் என்பது என் அனுபவம். பிறகு அலசி நிழலில் உலர்த்துங்கள். பொன்னும் செம்பும் கலந்த ஒரு நிறம் கிடைக்கும்.

இந்தப் பொன்னிறத்தைக் கருக்க விரும்பினால் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்த நீரில் ஒரு கரண்டி அளவு எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, நூலை ஐந்து நிமிடம் நனையுங்கள். கடுக்காயும் இரும்பும் சந்தித்த நொடியில் நிறம் சாம்பல் கலந்த பச்சைக்கு இறங்கும். அதிகம் விடாதீர்கள், இரும்பு காலப்போக்கில் பருத்தியை அரிக்கும். மயில்துத்தம் என்ற செம்பு உப்பைத் தொடவே வேண்டாம். கழிவுநீரில் அது விஷம்.

கழிவுநீர் என்றதும் நொய்யல் நினைவுக்கு வராமல் இருக்காது. சாயக் கழிவு ஆற்றில் கலந்ததால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் ஒரு வாளி அதற்கு ஒப்பாகாது. ஆனாலும் செடியிலிருந்து வந்தது என்பதற்காக எல்லாம் தூய்மை என்று நினைக்க வேண்டாம். வெங்காயச் சாற்றை மரத்தடியில் ஊற்றலாம். படிகாரத் தண்ணீரை நன்றாகத் தண்ணீர் சேர்த்து வடிகாலில் விடுங்கள், துளசித் தொட்டியில் அல்ல.

நீலம் தனிக் கதை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அவுரிப் பொடி தலைமுடிக்கான இலைத்தூள். நமக்கு வேண்டியது இலையை ஊறவைத்து அடித்துப் படியவைத்த நீலக் கட்டி. திண்டிவனம் பக்கத்தில் இன்னும் அவுரி பயிராகிறது. நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் அதன் உயிர்வளியைப் பிடுங்கும் ஏதாவது ஒன்றும் சேர்ந்தால்தான் கரையும். தென்னகச் சாயக்காரர்கள் இதற்குத் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்தார்கள். வீட்டில் நீலக் கட்டியின் பொடி 10 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 20 கிராம், பழச்சர்க்கரை (ஃப்ரக்டோஸ்) 30 கிராம் என்ற கணக்கு எளிது. கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து லிட்டர் வெந்நீரில் கலக்கி மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் மேலே செம்பு நிற ஆடையும், அதற்கு அடியில் மஞ்சள் கலந்த பச்சை நீரும் தெரிந்தால் தொட்டி தயார். நூலை ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் உங்கள் கண் முன்னால் நீலமாக மாறும். இதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். வெங்காய மஞ்சள் ஏறிய நூலை இதில் முக்கினால் பச்சை கிடைக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த மாற்றம் எனக்கு அலுக்கவில்லை.

ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு விரல் நீளம் வெட்டி, எடை, பொருள், நேரம் எழுதிய அட்டையில் கட்டி வையுங்கள். என்னிடம் ஒரு மாதுளைத் தோல் மஞ்சள் இருக்கிறது, திரும்ப அதை நான் கொண்டுவந்ததே இல்லை. அப்போது எழுதி வைக்கவில்லை.

நூற்பு

விளக்குக்குத் திரி திரித்திருக்கிறீர்களா? பஞ்சை இழுத்து, உள்ளங்கையில் அல்லது தொடையில் உருட்டி. அப்படியென்றால் நூற்பில் பாதி உங்களுக்குத் தெரியும். இழுப்பது, முறுக்குவது, அவ்வளவுதான். மீதிப் பாதி, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது.

ராட்டை வாங்காதீர்கள். தக்ளி போதும்: ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான கம்பி, அடியில் பித்தளை வட்டு, நுனியில் கொக்கி. நூற்பும் பாடமாக இருந்த ஆதாரக் கல்விப் பள்ளிகளில் படித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். பல வருடம் கழித்தும் விரல் மறப்பதில்லை. பூணூலுக்கு நூல் நூற்கும் வீடுகளிலும் தக்ளி இருக்கும். ராட்டையில் மேலும் முன்னேற விரும்புகிறவர்களுக்கு அம்பர் சர்க்காவும் உண்டு. அதை உருவாக்கியவர் தமிழ்நாட்டுக்காரரான ஏகாம்பரநாதன், அந்தப் பெயரின் நடுப்பகுதிதான் 'அம்பர்'.

பஞ்சு விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சு வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது. அதில் நூற்க முயல வேண்டாம். மருந்துக் கடைப் பஞ்சில் இயற்கை மெழுகு போய், இழைகளும் தாறுமாறாகக் கிடக்கும்; இழுத்தால் கொத்துக் கொத்தாக வரும். கதர் நூற்பு நடக்கும் சர்வோதய சங்கங்களில் பஞ்சுப் பட்டை கிடைக்குமா என்று கேளுங்கள். இழைகளைச் சீராக்கி விரல் தடிமனில் உருட்டியது அது. பருத்தி விளையும் ஊரில் இருந்தால் கொட்டையோடு ஒரு பை வாங்கி, பலகையில் வைத்துச் சிறு கம்பியை மேலே உருட்டினால் கொட்டை முன்னால் துள்ளி விழும். பருத்தி ரகங்களில் கரிசல் காட்டுக் கருங்கண்ணிக்கு இழை குட்டை, எம்.சி.யு. 5 நீள இழை. புதியவருக்கு நீள இழைதான் எளிது.

தக்ளியின் கம்பியில் ஒரு முழம் கடை நூலைக் கட்டி, கொக்கியில் மாட்டுங்கள். அதன் நுனியைப் பஞ்சுப் பட்டையின் நுனியோடு சேர்த்து இடது கையில் பிடியுங்கள். தக்ளியின் அடிமுனையை ஒரு கொட்டாங்குச்சிக்குள் நிறுத்தி, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுண்டிச் சுழற்றுங்கள். முறுக்கு நூல் வழியாக ஏறிப் பஞ்சைப் பிடிக்கும். பிடித்ததை உணர்ந்ததும் இடது கையை மெல்ல மேலே இழுங்கள். பஞ்சு மெலிந்து நூலாகி நீளும். கை நீளும்வரை இழுத்து, இன்னும் ஒரு சுழற்று முறுக்கு கொடுத்து, கொக்கியிலிருந்து விடுவித்து, கம்பியில் சுற்றி, மறுபடி கொக்கியில் மாட்டுங்கள்.

அறுந்தால் எப்படி அறுந்தது என்று பாருங்கள். நுனி பிசிறாக, பஞ்சுபோல இருந்தால் முறுக்குப் போதாது. இழை வழுகி விலகிவிட்டது. நூல் தானாகச் சுருண்டு பன்றிவால்போல முடிச்சு விழுந்தால் முறுக்கு அதிகம். அப்போது தக்ளியைச் சுழற்றாமல் இழுத்தே கொஞ்ச நேரம் நூற்கலாம். பட்டையைப் பிடிக்கும் விரலை இறுக்கினால் எதுவும் நகராது. குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். எனக்கு இந்த ஒன்று புரிய நான்கு மாதம் ஆனது. ஒட்ட, அறுந்த நுனியையும் பஞ்சையும் ஒரு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று வைத்து முறுக்கை ஓடவிட்டால் போதும், முடிச்சு வேண்டாம்.

இப்படி வருவது ஒற்றை இழை. பின்னலுக்கு மிக மெல்லியது, தானாகச் சுருளும். நான்கு இழைகளைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் தக்ளியைச் சுழற்றிப் புரியாக்க வேண்டும். முறுக்குகள் ஒன்றையொன்று சமன்செய்யும். நூல் அமைதியாகத் தொங்கும். பிறகு சிட்டமாக்கி, சோடா நீரில் கொதிக்கவைத்து உலர்த்தினால் முறுக்கு நிலைத்துவிடும்.

கணக்கு மட்டும் கொஞ்சம் கசக்கும். ஒரு சாண் துணிக்கு 50 மீட்டருக்கு மேல் புரிநூல் வேண்டும், அதாவது 200 மீட்டருக்கு மேல் ஒற்றை இழை. கதர் நூற்பில் ஒரு சிட்டம் என்பதே 1000 மீட்டர். அதைத் தினப்படி வேலையாகச் செய்தவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். நமக்கு அவசரமில்லை. முதல் கைநூலில் பெரிய துணி வேண்டாம். 20 கண்ணி, 40 வரிசை. ஒரு டம்ளர் வைக்க ஒரு சின்னச் சதுரம். நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்துதான் வரும், அந்த மேட்டில் டம்ளர் ஒரு பக்கமாகச் சாயும். காபியை முக்கால் டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.